முன்பாரில் நான்கு விரல்

பழைய சைக்கிளைப் புதுப்பிக்கிறோம் என்று இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் நீங்கள் செய்கிற வேலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிரேம் கைக்கு வந்ததும் நேராகக் காற்றோடு மணலைப் பீய்ச்சித் துரு எடுக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் துருவும் போய்விடுகிறது, பெயிண்டும் போய்விடுகிறது. அப்புறம் கடையில் வாங்கிய ஸ்டிக்கரை ஒட்டி, 'ஒரிஜினல் போலவே இருக்கிறது' என்று படம் எடுத்துப் போடுகிறீர்கள். ஒரிஜினலைத்தான் ஊதித் தள்ளிவிட்டீர்களே, அப்புறம் எதைப் போல இருக்கிறது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏற்காடு கடைவீதியில் பாதி ஆயுளைச் சைக்கிள் கடையில் கழித்தவனுக்கு இந்த அளவு பேச உரிமை உண்டு. எஸ்டேட் பங்களாக்களில் மூலையில் போட்டுவைத்த வண்டிகள் என்னிடம்தான் வரும். துருவை மட்டும் எடுத்து, பெயிண்டை அப்படியே விட்டுக் கொடுப்பான் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. எப்படி எடுப்பது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், பழைய பனியன் துணி, மூங்கில் சில்லு, இவ்வளவுதான் சாமான். செய்யச் செய்யக் கை பழகிவிடும். எந்த இடத்தில் கையை நிறுத்துவது என்பதுதான் சுலபத்தில் பழகாது. அதற்காகத்தான் இந்த ஒரு பிரேமைப் பற்றிச் சொல்கிறேன். இதைப் பற்றி நான் அதிகம் பேசியதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. விடாத மழை. மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்துவிட்டது. ரோட்டு வேலைக்காரர்கள் பள்ளத்தில் இறங்கிப் புதரை வெட்டியபோது ஒரு சைக்கிள் பிரேம் அகப்பட்டது. சக்கரம் இல்லை, சீட் இல்லை. ஹேண்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் அங்கே கிடைக்கவில்லை. அதை அவர்கள் அடிவாரத்தில் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்து அதை வாங்கி, பஸ் மேலே ஏற்றி என் கடைக்குக் கொண்டு வந்தவர் சண்முகம். அடிவாரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர், என்னைவிட இளையவர்.

"ஏனுங்ணா, இது எங்கண்ணன் வண்டின்னு எம்மனசுக்குப் படுதுங்க. ஆனா உறுதியாச் சொல்ல முடியலீங்க. துரு போனாத்தான் தெரியும்" என்றார்.

அவருடைய அண்ணன் கரடியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக, கணக்கு எழுதுகிறவராக இருந்தவர். ஒரு மழை நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிளில் அடிவாரத்துக்கு இறங்கியவர், போய்ச் சேரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. தேடிப் பார்த்தார்கள். சேலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னான். பெங்களூரில் அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று இன்னொருவன் சொன்னான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. அவர் போனபோது அவருடைய ஒரே மகளுக்குப் பால் பல் விழுகிற வயது. இப்போது அந்தப் பெண்ணுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"அண்ணி இன்னமும் பொட்டு வெச்சு, பூ வெச்சுட்டுத்தானுங்க இருக்குது" என்றார் சண்முகம். "அவரு எங்கியோ இருக்காருன்னு நம்பிட்டு இருக்குது. ஆனா இது அவன் வண்டின்னா, அவன் போய்ச் சேந்து நொம்ப வருசமாச்சுங்ணா. ஒரு வாய் தண்ணி விடல அவனுக்கு. கூடப் பொறந்தவனுங்க நானு. எனக்குத் தூக்கம் வருமுங்களா? மொதல்ல அவனுக்குச் செய்ய வேண்டியதச் செய்யோணும். கல்யாணம் காச்சியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

அப்படியானால் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போகும். மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களா என்பது நிச்சயமில்லை. எப்போது நடந்தாலும் பெற்ற தாய் மணமேடைப் பக்கம் வர முடியாது. அன்றைய வழக்கம் அது. கேட்டால் உங்களுக்கு ஆத்திரம் வரும். வரட்டும், வர வேண்டியதுதான்.

அடையாளம் என்ன என்று கேட்டேன். பெடலுக்கு இறங்குகிற குழாயில் அண்ணன் மஞ்சள் பெயிண்டால் மகளின் பெயரைத் தானே எழுதி வைத்திருந்தானாம். காவேரி என்று. அந்தக் குழாய் முழுவதும் துரு தடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது.

"பெயிண்டத் தொட்டராதீங்ணா. துருவ மட்டும் எடுத்துக் குடுங்க. பேரு இருந்தா அவன் வண்டி. இல்லீன்னா யாரோ எவரோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரேமைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு கயிற்று முடிச்சு மக்கி ஒட்டியிருந்தது. அந்தக் காலத்தில் மலை இறங்குகிற சைக்கிள்காரர்கள் பின்னால் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி, ரோட்டில் இழுத்துக்கொண்டே போவார்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி மலைக்குள் ரப்பர் தீய்ந்துவிடும். கட்டைதான் வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஆனால் அந்தக் கட்டைக்கு ஒருவரும் புதுக் கயிறு போடமாட்டார்கள். எப்படியும் கீழே போனதும் அவிழ்த்து எறிகிறதுதானே என்று, வீட்டில் மாடு கட்டிக் கழித்த கயிற்றைக் கட்டுவார்கள். எனக்குத் தெரிந்து எல்லோரும் செய்த தப்பு அது. இந்த முடிச்சு அவிழவில்லை, முடிச்சை ஒட்டிக் கயிறு அறுந்திருந்தது. கட்டை போன பிறகு அந்த வளைவில் அந்த மனிதருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைத்தேன்.

வேலையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடம் முக்கியமோ அங்கே முதலில் கை வைக்கமாட்டேன். ஒவ்வொரு பெயிண்டுக்கும் ஒரு குணம் இருக்கும். ஓரத்தில் எங்காவது தேய்த்து அதன் குணத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் முக்கியமான இடத்துக்கு வருவேன். அதனால் பெயர் இருக்கிற குழாயை விட்டுவிட்டு, சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் ஓடுகிற முன்பாரில் ஆரம்பித்தேன். எண்ணெயில் ஊறவைத்துத் துடைக்கத் துடைக்க, அடியில் கறுப்புப் பெயிண்ட் நன்றாகவே இருந்தது. ஹேண்டில் பக்கம் வந்தபோது மட்டும் ஒரு சாண் இடத்தில் பெயிண்ட் இல்லை. உரிந்த மாதிரி இல்லை, அரித்துப் போன மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் நான்கு தடம், மறுபக்கம் ஒன்று. வெறும் இரும்பு, பொடிக் குழிகள். அதையும் சுத்தம் செய்து, எண்ணெய் தடவி, விட்டத்தில் தேங்காய் நார்க் கயிற்றில் தொங்கவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

காலையில் கடைக்கதவுப் பலகையை எடுத்து வைத்துவிட்டு உள்ளே பார்த்தேன். மற்ற இடமெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு. அந்த நான்கு தடத்தில் மட்டும் செக்கச்செவேல் என்று புதுத் துரு. நான்கு விரல், ஒரு கட்டைவிரல். யாரோ ராத்திரி முழுக்க அந்தப் பாரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

சரியாகத் துடைக்கவில்லை போல என்று மறுபடி துடைத்து எண்ணெய் தடவினேன். மறுநாளும் அதே விரல்கள். அதற்கு அடுத்த நாளும். இன்னொன்றும் கவனித்தேன். பிரேமை நான் தொங்கவிடும்போது ஹேண்டில் சுவரைப் பார்த்து இருக்கும். காலையில் வந்தால் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். நார்க் கயிறு பனியில் ஈரம் குடித்தால் முறுக்கிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், கதவைத் திறந்ததும் அது என்னைப் பார்த்துக்கொண்டு தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த மாரியப்பன் தினமும் டீயை உள்ளே கொண்டு வந்து பெஞ்சில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிற ஆள். அந்த வாரம் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று டம்ளரை நீட்டினான்.

"உள்ள வாப்பா" என்றேன்.

"வேண்டாமுங்ணா. அத மொதல்ல கடைய உட்டு வெளிய போடுங்க. அது ஆளத் தேடுதுங்க."

"இரும்பு என்னத்தடா தேடும்?"

"நீங்க சொல்லுவீங்க. காத்தால நான் அடுப்புப் பத்த வெக்கறப்ப உங்க கடைக்குள்ள கயிறு நெறுநெறுன்னு திரும்பற சத்தம் கேக்குதுங்க" என்றான்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. மழைக்காலத்தில் ஏற்காட்டில் பனிமூட்டம் தெருவோடு நிற்காது, கடைக்குள் வந்து உட்காரும். எதிரில் இருக்கிற கடை தெரியாது. அந்த வெள்ளைக்குள் தனியாக உட்கார்ந்து, பார்த்த துருவையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தால் எந்த மனுஷனும் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பான்.

துடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் புத்தி வேலை செய்தது. சிலருடைய கை வியர்வை இரும்பை அரிக்கும். லேத் பட்டறையில் கேட்டுப் பாருங்கள், அப்படிப்பட்ட கை உள்ளவர்களைத் தேய்த்து முடித்த சாமானைத் தொடவிடமாட்டார்கள். வருடக்கணக்காக அந்தக் கை ஒரே இடத்தைப் பிடித்தால் முதலில் பெயிண்ட் போகும், பிறகு உப்பு இரும்பின் குழிக்குள் போய்த் தங்கிவிடும். அப்புறம் பனி இறங்கும்போதெல்லாம் அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் துருவைக் கிளப்பும். எண்ணெய்க்கு அது அடங்காது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் கழுவ வேண்டும். நீங்களும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தடத்தின் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. என் விரலைவிட அது ஒல்லி. ஓட்டுகிறவன் அந்த இடத்தைப் பிடிக்கவும் மாட்டான். முன்பாரில் பக்கவாட்டில் உட்கார்ந்து வருகிறவர்கள்தான் பிடிப்பார்கள். ஹேண்டிலைப் பிடித்தால் வண்டி ஆடும் என்று ஓட்டுகிறவன் திட்டுவான், அதனால் பாரைப் பிடித்துக்கொள்வார்கள். காரணம் புரிந்த பிறகு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எப்போதோ அந்த முன்பாரில் உட்கார்ந்து போன ஒருத்தியின் கை, தினமும் காலையில் என் கடைக்குள் வந்து அதே இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் சண்முகம் தன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழனியம்மாள். கணவர் போன பிறகு அதே எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்து மகளை வளர்த்தவர். நெற்றியில் அகலமான குங்குமம், தலையில் கனகாம்பரம். கடைக்குள் வந்தவர் பிரேமைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து அது கயிற்றில் மெல்லத் திரும்பி, ஹேண்டில் அவருக்கு நேராக வந்து நின்றது. பெயிண்ட் அடிப்பதற்காக வேறொரு வண்டியின் போர்க்கை, முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவட்டையை, பளபளவென்று தேய்த்து மேஜை இடுக்கியான வைஸில் மாட்டி வைத்திருந்தேன். தான் விழாமல் இருக்கப் பழனியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாப் பாருங்க அண்ணி" என்றார் சண்முகம்.

"இது இல்லீங்க தம்பி. அவரு வண்டி பச்சை."

"என்னங்க அண்ணி, கறுப்புத்தானுங்களே? நான் பாக்காததுங்களா?"

"அதுல உக்காந்து போனவ நானுங்களா, நீங்களா? பச்சைன்னாப் பச்சைதான். வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சண்முகம் என்னைப் பார்த்தார். "நீங்க தொடைக்கறத நிறுத்தாதீங்ணா" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார்.

மறுநாள் காலை நான் கண்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. முந்தின நாள்தான் பிரேமின் தடங்களை வெந்நீர் விட்டுக் கழுவியிருந்தேன், அது ஓரளவு அடங்கியிருந்தது. ஆனால் வைஸில் இருந்த போர்க்கில், கண்ணாடி போலத் தேய்த்து வைத்த வெறும் இரும்பில், சிவப்பாக நான்கு விரல். மறுபக்கம் ஒரு கட்டைவிரல். பாரை விட்டுவிட்டு அந்தக் கை கடைக்குள் நடமாட ஆரம்பித்துவிட்டது என்றுதான் தோன்றியது. வெளியே ஓடி வந்து மாரியப்பன் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஒரு டீயைக் கையில் கொடுத்தான்.

டீ பாதி இறங்கிய பிறகுதான், நேற்று அந்தப் போர்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்பது ஞாபகம் வந்தது.

உள்ளே போய் இரண்டு தடத்தையும் ஒரு குச்சியால் அளந்து பார்த்தேன். ஒரே கை. பேய் இல்லை என்று தெரிந்தது நிம்மதி. ஆனால் அந்த நிம்மதியோடு கூடவே ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. பெயர் வெளியே வருவதற்கு முன்பே இது யார் வண்டி என்பது இப்போது எனக்குத் தெரியும். அந்த அம்மா பொய் சொன்னதும் தெரியும்.

அடுத்த சந்தை நாளில் பழனியம்மாள் தனியாக வந்தார். கையில் காய்கறிப் பை. பிரேமைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்ணா, துருவ எடுக்கறப்ப பெயிண்டும் சேந்து போறது உண்டுங்களா?"

"அவசரப்பட்டாப் போயிரும் அம்மிணி."

"அப்ப அவசரப்படுங்க."

நான் சுற்றி வளைக்கவில்லை. போர்க்கைக் காட்டினேன். பிறகு முன்பாரைக் காட்டினேன். அவர் தன் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்.

"எங்கூட்டு அருவாமணை, மம்பட்டி, எல்லாத்துலயும் இப்பிடித்தானுங்க" என்றார். "இரும்பு ஆகாத கைன்னு அவரு கேலி பண்ணுவாரு. வண்டிய அரிச்சுத் தின்னுட்டயேன்னு சொல்லுவாரு. ஆனா அந்த எடத்துல பெயிண்டு அடிக்க உடவே மாட்டாருங்க."

"அப்பறம் பச்சைன்னு எதுக்குச் சொன்ன?"

"வேற என்னங்க சொல்லட்டும்? ஆமான்னு சொன்னா நாளைக்கே இந்தப் பூ போயிரும். போகட்டும், எனக்கு அது பெருசில்லீங்க. எம்புள்ள கழுத்துல தாலி ஏறறப்ப நான் செவுத்துக்குப் பின்னால நிக்கோணும். அதுவும் கல்யாணம் நடந்தாத்தான். அப்பன் ஓடிப்போனவன்னு தெரிஞ்சுந்தான் அவங்க பொண்ணு கேட்டாங்க. கருமாதி பண்ணி, வருசம் திரும்பற வரைக்கும் அந்தப் பையனச் சும்மா வெச்சிருப்பாங்களா? அந்தப் பேர மட்டும் சொரண்டிருங்ணா. உங்க காலுல வேணும்னாலும் உழறேன்."

ஒரு நிமிஷ வேலை. கத்தி முனையால் இரண்டு இழுப்பு. துருவோடு பெயிண்டும் போய்விட்டது என்றால் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள், துரு அப்படிச் செய்வது உலகத்துக்கே தெரியும். அந்த அம்மா கேட்டதில் அநியாயமும் இல்லை. எனக்கு இரக்கமாக இருந்தது, கத்தி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. ஆனால் அந்தப் பெயரை எழுதியவன் மறுபடி வந்து எழுதப்போவதில்லை. இன்றைக்குச் சுரண்டச் சொல்கிற இதே மனுஷிதான் கல்யாணம் முடிந்த பிறகு அதைத் தேடி வருவார். அப்போது நான் எதைக் காட்டுவேன்?

"சொரண்ட மாட்டேன் அம்மிணி" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "ஆனா துரு லேசுல போகாது. இந்த ஈரத்துல அந்தக் குழாயத் தொட்டா எழுத்து கையோட வந்துரும். மழை உடோணும், வெய்யக் காயோணும்."

"எப்பங்ணா காயும்?"

"உன் ஊட்டு முகூர்த்தம் என்னைக்கு?"

அவருக்குப் புரிந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பாமலே சொன்னார்: "அன்னைக்கு அது என்னத் திரும்பிப் பாத்துச்சுங்ணா."

"கயிறு முறுக்கிக்கிச்சு, அவ்வளவுதான்."

"கயிறுங்களா?" என்றார். அவரும் நம்பவில்லை, சொன்ன நானும் நம்பவில்லை.

இதில் நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஈரத்தில் எழுத்து வந்துவிடும் என்பது உண்மை. நம் வேலையில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. நிதானமாகச் செய்தால் போதும், வேலையே நமக்கு அவகாசம் கொடுக்கும். அந்த அவகாசத்தை யாருக்காக வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

மார்கழியில் சண்முகம் பொறுமை இழந்து வந்தார். பெயர்க் குழாய் அப்படியே துருவோடு இருப்பதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது.

"ஒரு குழாயத் தொடைக்க இத்தன நாளுங்களா? சேலத்துல ஆசிட்டுத் தொட்டி இருக்குதாம். போட்டா ஒரே நாள்ல சுத்தமாயிருமாம். குடுங்க, நான் கொண்டு போறேன்."

"தாராளமாக் கொண்டு போங்க தம்பி. பேரும் சுத்தமாயிரும். அப்பறம் அது யார் வண்டின்னு சாமிதான் வந்து சொல்லோணும்."

அவர் கேட்கவில்லை. பிரேமைப் பிடித்துக் கயிற்றை அவிழ்க்கப் போனார். அவிழ்த்துக்கொண்டே பேசினார். "கனவுல வாரானுங்ணா. தெப்பலா நனஞ்சு வாரான். குளுருதுடாங்கறான். வேற ஒண்ணும் சொல்றதில்ல, குளுருதுடான்னு மட்டுந்தான். எழுந்திரிச்சுப் பாத்தா என் கையே சில்லுன்னு இருக்குதுங்க." நான் பயந்த நேரம் அது. அவரைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை, பிரேம் அவருடையது. என் கையில் இருந்த ஒரே காரணத்தைச் சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் அந்த அம்மாவின் ரகசியத்தை வெளியே விட்டதாகிவிடும்.

முன்பாரில் கை வைத்தவர் அப்படியே நின்றார். அன்று பனி அதிகம், அடங்கியிருந்த நான்கு விரலும் மறுபடி நன்றாகப் பூத்திருந்தது. குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்கண்ணி புழங்கற அருவாமணை…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அவிழ்த்த கயிற்றை அவரே திரும்பக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை, நான் போய்ப் போட்டுக் கொடுத்தேன்.

"கல்யாணத்துல அண்ணன் எடத்துல நாந்தானுங்க நிக்கறேன்" என்றார். "தாரை வாக்கறதும் நாந்தான்."

"நின்னு நல்லபடியாச் செஞ்சு குடுங்க."

"இது நிதானமாவே ஆகட்டுங்ணா. நான் தை கடைசில வரட்டுங்களா?"

"வாங்க" என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் என்னை விட்டு விலகி ஓரமாக நின்று, பிரேமைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ சொன்னார். பொறுத்துக்கோ என்று சொன்ன மாதிரி எனக்குக் கேட்டது. நிச்சயமாகத் தெரியாது.

முகூர்த்தத்தன்று நான் போகவில்லை. கீழே மாப்பிள்ளை ஊரில் கல்யாணம். பனி ஓய்ந்து சில நாளாகியிருந்தது, மலை முழுக்க வெயில். காலையில் கடை திறந்தேன். பிரேம் வாசலைப் பார்த்து, மலைப்பாதை இறங்குகிற திசைக்கு நேராகத் திரும்பியிருந்தது. கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மொடமொடவென்று காய்ந்திருந்தது. பாரில் கை வைத்தேன், அதில் மட்டும் ஈரம். முகூர்த்த நேரம் தாண்டும் வரை நான் வேறு வேலை எதையும் தொடவில்லை. அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை. இதற்கு என்னிடம் விளக்கம் கேட்காதீர்கள், உப்புக்குச் சொன்ன மாதிரி இதற்குச் சொல்ல எனக்குத் தெரியாது.

தை முடியும்போது இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். பழனியம்மாள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலை கட்டியிருந்தார், தலை நிறைய மல்லிகை. மகள் நன்றாக இருக்கிறாள், மாமியார் தங்கமானவர் என்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டு, "தொடைங்ணா" என்றார்.

குழாயை முந்தின நாளே எண்ணெயில் ஊறவைத்திருந்தேன். வெயிலில் பெயிண்ட் இறுகி நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மூங்கில் சில்லைப் படுக்க வைத்துப் பொருக்கை மெல்லத் தள்ளினேன். என் ஆயுளில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் செய்ததில்லை. கா வந்தது. வே வந்தது. கொஞ்சம் கோணலாக, ரி. மஞ்சள் மங்கவே இல்லை. ஒரு கீறல்கூட விழவில்லை.

சண்முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார். பழனியம்மாள் அழவில்லை. எழுந்து வந்து எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கை தானாக மேலே போய் முன்பாரைப் பிடித்தது. நான்கு விரலும் நான்கு தடத்தில் உட்கார்ந்தன. என்னால் பார்க்க முடியவில்லை, துணியைப் பிழிகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கல்யாணத்துக்கு எப்பிடியும் வந்துருவாருன்னு நெனச்சுட்டே இருந்தனுங்ணா" என்றார். "கரெக்டா வந்துட்டாரு. நாந்தான், இது அவரு இல்லைன்னு சொல்லி, வெளியவே நிக்க வெச்சுட்டனுங்க."